ஆறு கட்டில், நாற்பது டெஸ்க்

ஜனவரி முதல் வாரம், மழை வலுப்பதற்குள் லாரி வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊர்ச் சங்கம் ஏழு வருடமாக எங்கள் நம்பேசோ பள்ளிக்கூடத்துக்கும், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கலிவோ சுகாதார நிலையத்துக்கும் உதவி செய்துவருகிறது. இந்த முறை எங்களுக்கு நாற்பது டெஸ்க். எங்கள் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறவர்கள். லாரி முற்றத்தில் நின்றதும் பாட்டும் ஆட்டமுமாக அதைச் சுற்றி வந்தார்கள். டிரைவர் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளோடு ஆறு பிரசவக் கட்டில்கள் இருந்தன.

பாட்டு பாதியில் நின்றுபோனது.

டெஸ்க் எல்லாவற்றையும் அன்று காலையே கலிவோவில் இறக்கிவிட்டு வந்திருந்தார் டிரைவர். சீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று காட்டினார். எங்கள் தலைமையாசிரியர் லிஃபாட்டி, சீட்டில் இருப்பதை மீறாத மனிதர். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, ஆறு கட்டிலையும் இறக்கிக்கொண்டார். லாரி போனது. மறுநாள் பெய்த மழையில் மரப்பாலமும் போனது.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினால்தான் செல்போன் பேசும். தலைமையாசிரியரும் நானும் ஏறிக் கலிவோவுக்குப் பேசினோம். அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஃபைனெஸி, இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சார், நாப்பது டெஸ்க் வந்து கிடக்கு இங்க. வலியோட வர்றவங்களை வரிசையா உட்கார வச்சு அட்டெண்டன்ஸ் எடுக்கவா?"

அடுத்து சங்கத்தின் செயலாளர் மோராக் அம்மாவுக்குப் பேசினோம். பாவம், அந்த அம்மா துடித்துப்போனார். பாலம் சரியானதும் தன் செலவிலேயே லாரி அனுப்பி மாற்றித் தருவதாகச் சொன்னார். பாலம் மே மாதத்துக்கு முன் சரியாகாது என்பது எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆனால் தலைமையாசிரியருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு வாக்கு கிடைத்துவிட்டதே.

ஒழுகாத கூரை என் நான்காம் வகுப்புக்கு மட்டும்தான். அதனால் ஆறு கட்டிலும் என் வகுப்புக்குள் வந்தன. எழுபது பிள்ளைகளுக்கு அங்கே தரை மிஞ்சவில்லை. வேறு வழியில்லாமல் கட்டில்மேல் ஏற்றினேன். காலையில் கொஞ்சம் பாடம் நடக்கும். பதினொரு மணிக்குக் கணக்கு ஆரம்பித்தால் பாதி வகுப்பு குப்புறப் படுத்து எழுதும், மீதி வகுப்பு எழுதாமலே படுத்திருக்கும். மத்தியானம் பிள்ளைகள் போனபிறகு கட்டில்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கத் தலைமையாசிரியர் வருவார். பார்த்துவிட்டுப் போக அவருக்கு ஒன்றரை மணிநேரம் ஆகும். வெளியே வரும்போது கன்னத்தில் மெத்தையின் தையல் தடம் இருக்கும்.

இப்படியே மூன்று வாரம் சிரிப்பாகத்தான் போனது. நான்காவது வாரம் மேட்டில் நின்று ஃபைனெஸி சிஸ்டரோடு போனில் பேசியபோது அவர் குரலில் அந்தக் குறும்பு இல்லை. அங்கே இருந்த ஒரே பழைய கட்டிலும் உடைந்துவிட்டதாம். அந்த வாரம் நான்கு பெண்கள் தரையில் பாயில் பிள்ளை பெற்றார்கள். நான்கிற்கும் முழங்காலில் நின்றே வேலை பார்த்ததில், இப்போது அவருக்கு எழுந்து நிற்கவே பிடிமானம் வேண்டியிருக்கிறது. முழங்கால் வீங்கி, பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்றார்.

நான் நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். லாரிதானே ஆற்றைத் தாண்ட முடியாது, மாட்டுவண்டியும் தோணியும் தாண்டுமே என்றேன். வழியில் ஒரு கட்டிலின் கால் உடைந்தால் யார் பொறுப்பு, யார் எழுத்தில் அனுமதி தந்தது என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"சார், அந்தக் கட்டில்ல பிள்ளை பெத்துக்க வேண்டியவங்க தரையில கிடக்கிறாங்க. நீங்க அதுல தூங்கி எழுந்திரிக்கிறீங்க. இதை யார்கிட்ட எழுத்துல வாங்கினீங்க?"

அவர் கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

அன்று நான் தனியாக மேடேறி மோராக் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம், காத்திருங்கள் என்பார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாடுகள் போதுமான அளவு இருக்கின்றனவா? இருக்கின்றன என்றதும் அனுமதியைச் செய்தியாக அனுப்பினார். தலைமையாசிரியர் அதை வாங்கி ஒரு தாளில் அழகாக நகலெடுத்து, அதன்மேல் முத்திரை குத்தி, "சனிக்கிழமை" என்றார். அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்று வண்டிகள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில். முதல் வண்டிக்காரரின் மனைவி டொரிகாவுக்கு மாதம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அக்கரையில் போய்த் தங்கிக்கொள்ளலாம் என்று அவளும் ஏறிக்கொண்டாள். அடுக்கிய மெத்தைகள்மேல் அவள் சாய்ந்து உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு வந்த தோரணையைப் பார்த்து, மந்திரியின் மனைவி போகிறார், வழிவிடுங்கள் என்று பெண்கள் கேலி செய்தார்கள். தலைமையாசிரியர் மெருகேற்றிய கறுப்பு ஷூவோடு, சேறு படாத இடமாகப் பார்த்துக் காலை வைத்துக் கடைசியில் நடந்துவந்தார்.

ஆறு கலங்கி ஓடியது. அக்கரையில் கலிவோ ஜனங்கள் எங்களுக்கு முன்பே வந்து, டெஸ்க்குகளைக் கரையோரம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதல் டெஸ்க்கில் குடையைப் பிடித்தபடி ஃபைனெஸி சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். தோணிக்காரர் சாயிடி ஒரு நடைக்கு ஒரு கட்டில் என்றும், திரும்பும்போது இரண்டு டெஸ்க் என்றும் கணக்குச் சொன்னார். தோணியின் குறுக்கே கட்டிலை வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, முதல் கட்டில் போனது, இரண்டு டெஸ்க் வந்தன. இரண்டாவது கட்டிலும் அக்கரை சேர்ந்தது.

அப்போதுதான் டொரிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டீச்சர், பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. இந்தப் பிள்ளை வண்டி ஆட்டத்துல அவசரப்பட்டு வந்துட்டுது போல."

நான் கையை வாயில் குவித்து அக்கரைக்குக் கத்தினேன். சிஸ்டர் குடையைப் போட்டுவிட்டு, பையை மட்டும் தூக்கிக்கொண்டு தோணியில் குதித்தார். அந்த வீங்கின முழங்காலோடு அவர் எப்படிக் குதித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நடு ஆற்றில் நீரோட்டம் தோணியைப் பிடித்துக்கொண்டது. சாயிடி எவ்வளவு துடுப்புப் போட்டும் அது கீழே கீழே இறங்கியது. கயிற்றை எங்கள் பக்கம் வீசினார். அது கரைக்கு எட்டாமல் தண்ணீரில் விழுந்தது.

அதற்குள் யாரோ தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். பார்த்தால், தலைமையாசிரியர். ஷூவோடு, டையோடு, இடுப்பளவு ஆற்றில் நின்று கயிற்றைப் பற்றியிருந்தார். நீந்தத் தெரியாதவர். வண்டிக்காரர்கள் ஓடிப்போய் அவரைப் பிடிக்க, அவர் கயிற்றைப் பிடிக்க, தோணி மெல்லக் கரை சேர்ந்தது.

இதற்குள் பெண்கள் மூன்றாவது கட்டிலை அத்திமரத்தடியில் போட்டு மெத்தையை விரித்திருந்தார்கள். இடுப்பில் சுற்றிய சித்தேஞ்சே துணிகளை ஆளுக்கொன்றாக அவிழ்த்து, உள்பாவாடையோடு நின்று நான்கு பக்கமும் மறைப்பாகப் பிடித்தார்கள். சிஸ்டர் கை கழுவிக்கொண்டு உள்ளே போகும்போது, சொட்டச் சொட்ட நின்ற தலைமையாசிரியரைப் பார்த்தார்.

"சார், அங்க நின்னு நடுங்காதீங்க. கடிகாரம் ஓடுதா? உட்கார்ந்து நேரத்தை எழுதுங்க."

கரைக்கு வந்திருந்த இரண்டு டெஸ்க்கில் ஒன்றில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் நல்ல மாணவன் மாதிரி பேனாவைத் திறந்தார். அந்த டெஸ்க்கில் எழுதப்பட்ட முதல் வரி இதுதான்: பதினொன்று நாற்பது, பெண் குழந்தை.

இக்கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். அக்கரை ஜனங்கள் காரணம் புரியாமல் ஒரு கணம் பார்த்துவிட்டு, புரிந்ததும் எங்களைவிடப் பலமாகக் குலவையிட்டார்கள். மாடுகள் மிரண்டன. டொரிகா களைப்போடு சிரித்து, கடித்து மீதம் வைத்த கரும்பு எங்கே என்று கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் இடம் மாறின. டொரிகாவும் பிள்ளையும் மெத்தையில் படுத்தபடியே தோணியில் அக்கரை போனார்கள். ஆனால் டெஸ்க்கை எண்ணிப் பார்த்தபோது முப்பத்தாறுதான் இருந்தது. நான்கை சிஸ்டர் வைத்துக்கொண்டுவிட்டார். தடுப்பூசிக்கு வரும் தாய்மார் பாயில் உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசுகிறார்கள், டெஸ்க்கில் உட்கார வைத்தால் பள்ளிக்கூட ஞாபகத்தில் வாய்மூடிச் சொல்வதைக் கேட்கிறார்கள், அதனால் தர முடியாது என்று அக்கரையிலிருந்து சொல்லியனுப்பினார். அப்படியானால் பள்ளியில் உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு கட்டில் வேண்டும் என்று தலைமையாசிரியர் பதில் அனுப்பினார். சாயிடி அடுத்த நடையில் சிஸ்டரின் பதிலை வார்த்தை மாறாமல் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்.

"மத்தியானத்துக்கு மத்தியானம் அப்படி யாருக்கு உடம்பு சரியில்லாம போகுதுன்னு சிஸ்டர் கேட்கச் சொன்னாங்க சார்."

நான்தான் சிஸ்டரிடம் சொல்லியிருந்தேன் என்பதை மறைக்க ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வண்டிக்காரர்கள் மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். கடைசியில் தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார். நான்கு டெஸ்க்கும் அங்கேயே இருக்கின்றன.

திங்கட்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் டெஸ்க்குக்கு மூன்று பேராக உட்கார்ந்து, ஓரத்து இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். பதினொரு மணிக் கணக்கில் ஒருவரும் தூங்கவில்லை. டொரிகா பிள்ளைக்கு ஃபைனெஸி என்று பேர் வைத்தாள். தண்ணீரில் இறங்கியது நான், பேர் அவருக்கா என்று தலைமையாசிரியர் ஒரு வாரம் புலம்பினார். டொரிகா அடுத்தது பையனாகப் பிறந்தால் பார்க்கலாம் என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஊரும் தனித்தனியாகப் பட்டியல் அனுப்புவதில்லை. மாதம் ஒருமுறை ஆற்றங்கரையில் கூடி, வேகவைத்த சோளம் தின்றுகொண்டு, சண்டை போட்டு, ஒரே பட்டியலாக எழுதுகிறோம். இந்த வருடம் இரண்டு ஊரும் கேட்டது ஒரே ஒரு பொருள், எஞ்சின் வைத்த படகு. நவம்பரில் வந்துசேர்ந்தது. முதல் நடையில் தடுப்பூசிப் பெட்டியும், எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாளும், மாதமாகிய இரண்டு பெண்களும் ஏறினார்கள். சாயிடி கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினார். படகு நேராகப் போனது.