துணைக்கு வந்த மாமா

பள்ளிபாளையத்தில் தறி வைத்திருந்த தனசேகர், வேலூர் கடைகளுக்குத் துண்டு நெய்து அனுப்பிவந்தார். மாதம் ஒருமுறை கடைக்காரர்களைப் பார்க்க ஈரோட்டில் ரயிலேறுவார். கூடவே அக்கா மகள் கோகிலவாணியையும் ஏற்றிக்கொள்வார். பாசம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் பாசத்துக்கும் முன்னால் நின்றது வாணியின் ரயில்வே அட்டை. பிறவியிலேயே பார்வை இல்லாத அவளுக்கு அதில் சலுகைக் கட்டணம். துணைக்குப் போகிறவருக்கும் அதே சலுகை. விடுவாரா மனுஷன்!

அவர் துணைக்கு வந்த லட்சணத்தையும் கேளுங்கள். சங்ககிரி தாண்டுமுன்னே குறட்டை. காட்பாடி வந்ததும் வாணிதான் உலுக்கி எழுப்புவாள். பிறகு துண்டுக்கடை ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார்ந்து, வேலூர் வெயிலில் வெந்துவிட்டுத் திரும்புவாள்.

இப்போது அவளுக்கே சென்னையில் வங்கி வேலை கிடைத்திருந்தது. அம்மா ராஜம்மாள் மட்டும் மசியவில்லை. "ஒருக்காத் தனியா ரயிலேறிப் போயி, அந்தப் பேங்க எட்டிப் பாத்துட்டு வா. அப்பறம் வேலையப் பத்திப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

"அதெப்படிப் போவா?" என்று குறுக்கே விழுந்தார் தனசேகர். "துணையில்லாட்டி அந்தக் கார்டும் செல்லாது, இவளுக்கு டிக்கெட்டும் குடுக்கமாட்டாங்கக்கா. துணைக்கு யாருன்னு கேக்காம எனக்கு ஒருநாளாவது டிக்கெட் குடுத்திருக்காங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. இவரே முந்திக்கொண்டு 'ரெண்டு பேருங்க' என்றால், கூட வருவது யாரென்று கேட்கத்தானே செய்வார்கள்? அது அவருக்கும் உறைக்கவில்லை, வாணிக்கும் தோன்றவில்லை. கைக்கு வந்த வேலை ஒரு அட்டையால் போகிறதே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் வழக்கமான வேலூர் டிக்கெட்டுக்காக மாமாவோடு ஈரோடு ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். அவர் வாயெடுக்குமுன் கேட்டுவிட்டாள். "ஏனுங்க மேடம், நான் தனியாப் போனா இந்தக் கார்டு செல்லாதுங்களா?"

"யாரு சொன்னது? தாராளமாப் போங்க. துணைக்கு ஆள் வந்தா அவங்களுக்கும் சலுகை உண்டு, அவ்வளவுதான்."

வாணிக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. "அப்ப எனக்கு மட்டும் ஒண்ணு குடுங்க. சென்னைக்கு!"

மாமாவின் முகம் எப்படிப் போனதென்று அவளுக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஓரளவு புரிந்தது.

புதன்கிழமை காலை வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் குறட்டை இல்லை. அடடா, என்ன சுகம்! சேலம் தாண்டியதும் போன் அடித்தது.

"சாமி, மாமன் பேசறேன். நானும் இதே வண்டியிலதான் வாரேன். ரெண்டு பொட்டி தள்ளி இருக்கறேன்."

"ஏனுங்க மாமா, அம்மா வேவு பாக்க அனுப்புச்சுதுங்களா?"

"அட, வேலூர்ல வேலையிருக்குது கண்ணு. முழு டிக்கெட்டு எடுத்திருக்கறேன், போதுமா?" குரல் சட்டென்று இறங்கியது. "காட்பாடி வந்தா ஒரு போன் போட்டு எழுப்பி உட்டுரு. இல்லாட்டி நானும் மெட்ராஸ்தான்."

காட்பாடி நெருங்கியதும் வாணி விடாமல் அடித்தாள். ஒருவழியாக எழுந்தவர், பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி அவள் சன்னலுக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. அங்கேயே நின்று ஸ்பீக்கரில் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, வாணி தனியாப் போயிருவா. நீ பயப்படாத. நான் அசந்து தூங்கிட்டேன், அவதான் என்னைய எழுப்பி எறக்கி உட்டா."

அம்மா என்ன சொல்வாளோ? வாணி சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வேலையில சேந்துக்க சாமி" என்றாள் ராஜம்மாள். வண்டி நகர ஆரம்பித்தது. மாமா போனை நீட்டிக்கொண்டே கூட ஓடிவந்தார். "ஆனா சாயங்காலம் திரும்பறப்ப, காட்பாடியில உங்க மாமன ஏத்திக்கிட்டு வா. அவனத் தனியா உட எனக்குப் பயமா இருக்குது!"