கடைசி சீட்டில் வந்தவர்

"இது எங்கம்மா இல்ல டீச்சர்!"

ஞானதாஸ் போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் நின்ற ஜட்காக் குதிரையே மிரண்டது. நான் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி, யாத்திரை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது என்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கடைசி சீட்டில் இருந்தவரைக் கைத்தாங்கலாக இறக்கிய ஞானதாஸ், அவர் தலையை மூடியிருந்த சால்வையை விலக்கிவிட்டு, சுடுபானையைத் தொட்டவன் மாதிரி கையை உதறிக்கொண்டு நிற்கிறான்.

சால்வை எங்களுடையதுதான். பச்சை நிறம், சிவப்புக் கரை. உள்ளே இருந்த முகத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. தொங்கி நீண்ட வெறுங்காது, நெற்றியில் பாதி அழிந்த திருநீறு. எங்கள் இஞ்ஞாசியம்மாள் எங்கே? இது யார்?

நடந்தது 1961-இல். எங்கள் திண்டுக்கல் கோயில் பங்கில், நல்ல சாவு வேண்டி வயதானவர்கள் ஜெபிக்கிற நல்மரண சபை என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நான் செயலாளர் ஆனதும், சாவதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லி வேலையை மாற்றினேன். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்குக் காபி, சுண்டல், தாயம், பல்லாங்குழி. வர முடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்ப்போம். வருஷத்துக்கு ஒரு யாத்திரை. சாகப் போகிற கட்டைகளுக்கு உல்லாசப் பயணமா என்று சிலர் கேலி செய்தார்கள். அவர்கள் வீட்டுக் கட்டைகள்தான் முதலில் வந்து பெயர் கொடுத்தன.

அந்த வருஷம் கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்குப் போனோம். இஞ்ஞாசியம்மாளை அனுப்ப ஞானதாஸுக்கு மனசே இல்லை. "அம்மாவுக்குக் கண்ணு மங்கல் டீச்சர். பஸ் எது, மாட்டுவண்டி எதுன்னு தெரியாது. ஒங்கள நம்பித்தான் விடுறேன்" என்றான். நான் வீறாப்பாக, "பொறுப்பு என்னது" என்று சொல்லியிருந்தேன்.

இப்போது அவன் என் முன்னால் நின்று கேட்கிறான்: "எங்கம்மாவ எங்க விட்டீக?"

பொருளாளர் பாஸ்கலைப் பார்த்தேன். பாஸ்கல் முகத்தில் ரத்தம் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி சால்வை, மலிவு விலையில் கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு வந்த மகராசன் அவர்தான். வழியில் ஒவ்வொரு இடத்திலும் பெயர் கூப்பிட்டதும் அவர்தான்.

"நான் கூப்புட்டேன் டீச்சர். வத்தலக்குண்டுலகூடக் கூப்புட்டேன். இஞ்ஞாசியம்மாள்னு சொன்னேன், 'தோத்திரம்'னு சத்தம் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு!"

எங்கள் சபையில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்பார்கள்; பல் போனவர்கள் சுருக்கி 'தோத்திரம்' என்பார்கள். வத்தலக்குண்டில் சாப்பாட்டுக்கு நின்றபோது நல்ல மழை. பஸ்ஸில் எல்லாப் படுதாவையும் இறக்கிவிட்டதில் உள்ளே ஒரே இருட்டு. ஜெபமாலை சொல்வதற்காகப் பெண்கள் முகம் தெரியாமல் சால்வையால் முக்காடு போட்டிருந்தார்கள். இஞ்ஞாசியம்மாளுக்கு மலைப்பாதையில் வாந்தி வந்ததால், தனியாகக் கடைசி சீட்டில் படுக்க வைத்திருந்தோம். அந்த அழகில் பாஸ்கல் வாசலில் நனைந்துகொண்டே பெயர்களைக் கத்தினார். சத்தம் வந்தது, வண்டி கிளம்பிவிட்டது.

ஆக, யாரோ ஒருத்தர் இஞ்ஞாசியம்மாள் பெயருக்குத் தோத்திரம் சொல்லியிருக்கிறார். அந்த யாரோ எங்கள் கோயில் வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

"ஒங்க பேரு என்னம்மா?"

"அங்காளம்மா, தாயி."

"எங்க பஸ்ல எப்படி ஏறுனீங்க?"

"அந்தப் புண்ணியவதிதான் ஏத்திவிட்டா. குளுருல கெடந்தேன். துப்பட்டியப் போத்திவிட்டு, செத்த நேரம் உள்ள உக்காருன்னா."

சொல்லிவிட்டு அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஞானதாஸ் கோயில் படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான். டிரைவர் அப்பாஸ் பாய் வாயிலிருந்த பீடியைத் தூக்கிப் போட்டார். "அழுறத வண்டில வந்து அழு தம்பி. ஏறுங்க டீச்சர்" என்றார்.

பஸ் முதலாளியிடம் யார் கேட்பது என்று பாஸ்கல் இழுத்தார். நான் பார்த்த பார்வையில் அவரும் வாயை மூடிக்கொண்டு ஏறினார். அங்காளம்மாளையும் ஏற்றிக்கொண்டோம். அவருடைய ஆட்களும் வத்தலக்குண்டில் தேடுவார்கள் அல்லவா?

வழி நெடுக இஞ்ஞாசியம்மாள் நினைப்புத்தான். கண் தெரியாதவர். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டோ கொடைக்கானல் வண்டியும் பெரியகுளம் வண்டியும் மாறி மாறி உறுமுகிற இடம். எந்தச் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றாரோ என்று நினைக்கும்போதெல்லாம் ஜெபமாலை கையிலிருந்து நழுவியது. அங்காளம்மாள் என் பக்கத்தில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காய்ச்சல்காரரிடம் என்ன கேட்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியதுமே ஞானதாஸ் குதித்துவிட்டான்.

இஞ்ஞாசியம்மாள் டீக்கடை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை நனைந்து, சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. மடியில் ஒரு துணிமூட்டை. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஞானதாஸ் அவர் காலடியில் விழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"ஏலே, எதுக்குடா அழுகுற? நீங்க வந்துருவீகன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். பிறகு என் சத்தம் கேட்டுத் திரும்பி, "டீச்சர், அந்தப் பொம்பள பத்திரமா இருக்கால்ல? அவ மகன் இன்னும் வரல. மாத்திரை வாங்கியாறேன்னு போனானாம். வந்து பெத்தவளக் காணோம்னா பதறிப் போவான்ல? அதான் மூட்டைய வச்சுக்கிட்டு அவ எடத்துல நான் உக்காந்துட்டேன்" என்றார்.

டீக்கடைக்காரர் என்னைக் கையசைத்துத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, நானும் மத்தியானத்துலருந்து சொல்லிப் பாத்துட்டேன், அந்தப் பாட்டி நம்ப மாட்டேங்குது. அந்த மகன் மருந்துக் கடைக்கே போகல. பெத்தவள உக்காத்தி வச்சுட்டு, 'செத்த பாத்துக்கிருங்கண்ணே'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, கெளம்புன பெரியகுளம் வண்டில ஓடிப் போயி ஏறிட்டான். நான் கூவுனேன். திரும்பவே இல்ல."

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பொய்யர்களையும் திருடர்களையும் பார்த்தவள் நான். வருஷக்கணக்காக வயதானவர்களுக்குச் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு தாயை மூட்டையோடு மழையில் வைத்துவிட்டுப் போகலாம் என்பது தெரியாது.

இதை அங்காளம்மாளிடம் எப்படிச் சொல்வது? திரும்பினேன். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி என் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியும் தாயி" என்றார். "அவன் வண்டில ஏறயில பாத்தேன். நான் பாக்குறத அவனும் பாத்தான்."

ஞானதாஸ் மெல்ல எழுந்து நின்றான். அடக்கி வைத்திருந்தது என் வாயில் வந்துவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டுமா அவங்க பேருக்கு நீங்க பதில் சொன்னீங்க? கண்ணு தெரியாதவங்கள விட்டுட்டு வண்டி கெளம்புதுன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

அங்காளம்மாள் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவரைத்தான் பார்த்தார்.

"தெரியும். எல்லாரும் 'தோத்திரம்'னு சொன்னாக, நானும் சொன்னேன். திண்டுக்கல்லுல கோயில் வாசல்லயே தன் மகன் நிப்பான்னு இவ சொன்னா. இவள விட்டுட்டுப் போனா தேடி வர ஆளு இருக்கு. என்னைய எறக்கிவிட்டா யாரு வருவா?"

பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு என்று சொல்லலாம். ஆனால் நாங்கள் இத்தனை தூரம் திரும்பி வந்தது இஞ்ஞாசியம்மாளைத் தேடித்தான்.

இஞ்ஞாசியம்மாள் மூட்டையை மடியிலிருந்து எடுத்து, தடவித் தடவி அங்காளம்மாள் கையில் கொடுத்தார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"ஏண்டி, எங்கிட்டயே சொல்லியிருந்தா ரெண்டு பேருமே ஏறியிருப்பமே. வா, மொத ஈரத்த மாத்துவோம்." பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, "அப்பு, இவ மகன் வந்து கேட்டான்னா, ஒங்கம்மா திண்டுக்கல்லு கோயிலுல இருக்கான்னு சொல்லிருங்க" என்றார்.

டீக்கடைக்காரர் அங்காளம்மாளைப் பார்த்தார்.

"வேணாம்யா" என்றார் அங்காளம்மாள். "கேட்டான்னா, செத்துட்டேன்னு சொல்லிருங்க. அவனுக்கும் நிம்மதியா இருக்கும்."