ஸஜாத் மாஸ்டரின் வாழ்த்துப்பா

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் வாழ்த்துமடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சபையில் வாசிப்பார்கள். இந்தக் கலியாணத்து மாப்பிள்ளை ஸஜாத், தமிழ் மாஸ்டர். கூட்டாளிமார் எழுதினால் தளை தட்டுமென்று தனக்கான வாழ்த்தைத் தானே எழுதிக்கொண்டார். அச்சுக்குக் கொடுக்குமுன் பெண்வீட்டாருக்கு வாசித்துக் காட்டச் வயல்சூழ்ந்த சம்மாந்துறையிலிருந்து எங்கள் கடற்கரை ஊருக்கு வந்தார். எனக்கும் அந்நேரம் பார்த்துக் கறிவேப்பிலை தேவைப்பட்டது. பெண் முஸ்பிறாவின் தாய் ஆசியா உம்மா வீட்டு மரம் ஜன்னலோரம்தான் நிற்கிறது.

"முஸ்பிறாவின் எழில்காண ஆசை கொண்டு
முந்நீரும் கரைதாண்டி வாசல் வந்து..."

வாசித்ததோடு விட்டாரா? "இது தற்குறிப்பேற்ற அணி, மாமி. அலை தன்பாட்டுக்கு வாறது. பொண்ணப் பாக்கத்தான் வருதெண்டு நாங்க ஒரு காரணத்த ஏத்திச் சொல்றம்."

ஆசியா உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த வாசலுக்குக் கடல் ஒருக்கா வந்திச்சி, மகன். என்ட மூத்தவளக் கொண்டு போச்சி. அதுக்கும் ஒரு காரணம் ஏத்துங்களன்."

மூத்தவள் மௌத்தானது மாஸ்டருக்குத் தெரியும், எப்படியென்று கேட்டதில்லை. சம்மாந்துறைக்காரருக்குக் கடல் பாடப்புத்தகத்தில்தானே இருக்கிறது.

"இந்த ஊட்டுல வந்து இரிக்கப்போறவருக்கு ஊட்டுக் கத தெரியல்ல. இந்தச் சம்பந்தம் வேணாம்," என்று உம்மா அறைக்குள் போய்விட்டார்.

எழும்பிப் போன மாஸ்டரின் பின்னால் முஸ்பிறா வாசற் படலைவரை வந்தாள். "அணியெல்லாம் வெளங்குது ஒங்களுக்கு. உம்மா ஓமெண்டாத்தான் நான் கலியாணத்துக்குக் கையெழுத்து வைப்பன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மாஸ்டர் மறுபடி வந்தார். கையில் தாள் இல்லை.

"மூத்தவட பேரென்ன, மாமி?"

"நஸ்லியா," என்றார் உம்மா.

"எப்படிப்பட்ட புள்ள?"

நஸ்லியா மாங்காய்க்கு உப்பு வேண்டாமென்பாளாம். தங்கச்சியை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாளாம். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை உம்மா கதைத்தார். பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்த எனக்கே இதெல்லாம் புதிது. கறிவேப்பிலை மரத்தில் ஒரு கொப்பு மொட்டையாகிவிட்டது. மாஸ்டர் எழும்பும்போது உம்மா சொன்னார்: "சாப்பிட்டுட்டுப் போங்க, மகன்."

கலியாணத்தன்று வாழ்த்து வாசித்தார்கள். நிலவுமில்லை, கடலுமில்லை. 'நஸ்லியாவின் தங்கை முஸ்பிறா நலமாக வாழ்க' என்று தொடங்கி, அப்படியே சாதாரணமாகப் போனது. முன்வரிசை மாஸ்டர்மார் அணியைத் தேடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கவிதையென்று பார்த்தால் தேறாது; நானே சொல்வேன்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குள்ளிருந்து ஆசியா உம்மா ஆளனுப்பினார்: "அந்த முதல் வரிய இன்னொருக்கா வாசிக்கட்டாம்."