அனுமதி வந்த பிறகு

என் நாத்தனார் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்து ஆராய்ச்சித் திட்டம் எழுத ஆரம்பிச்சப்ப, என் வீட்டுக்காரருக்கு மாடி ஏறினா மட்டும்தான் மூச்சு வாங்கும். அவ எழுதி முடிக்கிறதுக்குள்ள சட்டை மாட்டினாலே வாங்க ஆரம்பிச்சிடுச்சு.

சமையல் மேடைக்குக் கல் அறுக்கிற பட்டறையில வேலை பாத்தவர் அவர். தூசி போய்ப் போய் நுரையீரல் இறுகிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். நாத்தனார் அதையே தன் பட்டத்துக்கு எடுத்துக்கிட்டா. நோய் தெரிஞ்ச பிறகும் ஆளுங்க ஏன் அந்த வேலையை விட மாட்டேங்கிறாங்க, அதுதான் அவ கேள்வி. அது முதல்ல என் கேள்வி. டாக்டர் விடுன்னு சொல்லியும் மனுஷன் ரெண்டு வருஷம் போனார். அந்த ரெண்டு வருஷமும் நான் வேற வீடு பாக்கலாம், இந்தப் பொந்துல எத்தனை நாளைக்குன்னு நச்சரிச்சவ. அதனாலதான் போனாரா?

ஒரு நாள் சாயங்காலம் அவரே ஆரம்பிச்சார். "பாப்பா, நான் ஏன் போனேன்னு சொல்றேன், கேளு." நான் அடுப்பை அணைச்சிட்டு வந்து நின்னேன்.

அவ கையைக் காட்டித் தடுத்தா. "இப்ப சொல்லாதேண்ணா. யுனிவர்சிட்டி கமிட்டி அனுமதி தர்றதுக்கு முன்னாடி சொன்னது எதுவும் ஆய்வுல சேராது. வேற யார்கிட்டயும் சொல்லிடாதே. ரெண்டு மூணு தடவை சொன்னா அது கதையாயிடும். முதல் தடவை எப்படி வருதோ, அதுதான் எனக்கு வேணும்."

"உங்க அண்ணிகிட்டயுமா?"

"அண்ணிகிட்டயும்தான்."

தங்கச்சி படிப்புன்னா அவருக்கு உசிரு. அதுக்கப்புறம் நான் எப்படிக் கேட்டாலும், "பொறும்மா, கேள்வித்தாள் முன்னாடியே வெளிய வரக் கூடாது"ன்னு கிண்டல் பண்ணுவார். பாதிக் கிண்டல் இருமல்ல போயிடும்.

இவ எழுத்து முடியவே இல்லை. தலைப்பு எங்க வீட்டை விடப் பெருசா இருந்துச்சு, சுருக்குன்னார் வழிகாட்டிப் பேராசிரியர். சுருக்கினா, இதுவரைக்கும் யாரும் பாக்காததை நீ என்ன பாக்கப் போறே, அதை முதல் பக்கத்துல சொல்லுன்னார். சொன்னா, நோக்கம் ஒண்ணா இருக்கு, முறை வேற ஒண்ணா இருக்குன்னு திருப்பி அனுப்பினார். கடைசியில கால அட்டவணைன்னு கட்டம் போட்டு வண்ணம் அடிச்சா. முதல் வருஷம் பழைய ஆய்வுகளைப் படிக்கிறது, அடுத்த வருஷம் பேட்டி.

"உங்க அண்ணன் எந்தக் கட்டத்துல வர்றார்?"

அடுத்த வருஷத்துப் பச்சைக் கட்டத்தைத் தொட்டா.

"அவரைக் கொஞ்சம் முன்னால தள்ளேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு அண்ணி."

நல்லா வந்துச்சு எனக்கு வாயில. படிக்கிற பொண்ணுன்னு அடக்கிக்கிட்டேன்.

கமிட்டி ஒரு தடவை திருப்பி அனுப்புச்சு. சொந்த அண்ணனைப் பேட்டி எடுக்கலாமா, விளக்கம் குடுன்னு. அவ விளக்கம் எழுதிட்டிருந்தப்ப இங்க ஆக்சிஜன் சிலிண்டர் வந்தாச்சு. ஒரு மூச்சுக்கு ரெண்டு வார்த்தைதான். அவர் கையைப் புடிச்சு, "எங்கிட்டயாவது சொல்லுங்களேன்"னு கெஞ்சினேன். "அவ... வரட்டும்"னார். அந்த வாரமே, பட்டப்பகல்ல, நான் துணி மடிச்சிட்டிருக்கும்போது போயிட்டார்.

அனுமதி அடுத்த மாசம் வந்துச்சு. கண்ணெல்லாம் வீங்கிப்போய், ரெக்கார்டரோட வந்து நின்னா. "குடும்பத்துல உள்ளவங்களையும் சேத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம் அண்ணி." நான் சம்மதத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஏழெட்டுக் கேள்வி போச்சு. அப்புறம் தாளைப் பாத்தே படிச்சா.

"நோய் இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் உங்க கணவர் ஏன் தொடர்ந்து வேலைக்குப் போனார்?"

"தெரியாது."

"ஏதாவது சொல்லியிருப்பாரே அண்ணி. உங்ககிட்ட சொல்லாமயா இருந்திருப்பார்?"

அவளைக் கிழிச்சுத் தொங்கப் போடணும்னுதான் அன்னைக்கு உக்காந்தேன். அவ மூஞ்சியைப் பாத்ததும் அது முடியலை. "நீதானே சொல்ல வேணாம்னே. கடைசி வரைக்கும் உன் பேச்சைத் தட்டலை அவர்."

அவ மேசையில தலையைக் கவுத்துக்கிட்டா. தோள் குலுங்குச்சு. என்மேல தப்பா, இல்லையா, அதைச் சொல்ல இனி ஆள் இல்லை. ரெக்கார்டர் பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு, அதை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியலை.