ஷிப்ட் கேட்கக்கூடாது

மேல்வீட்டு அகஸ்ரின் அண்ணை குசினி மேசையின் அந்தப் பக்கம் வெள்ளைக்காரனாக உட்கார்ந்திருந்தார். சாரம் கட்டிய வெள்ளைக்காரன். நான் கழுத்தில் ரை கட்டியிருந்தேன். மறுநாள் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூட வேலைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு; இது ஒத்திகை.

“உம்மைப் பற்றிச் சொல்லும்.”

“எங்கட அப்பா தபால் அதிபர். நாங்கள் ஐஞ்சு பேர்...”

“நிப்பாட்டும். கொப்பரையே வேலைக்கு எடுக்கினம்? அப்பாவை விடும்.”

அடுப்படியில் நின்ற அவர் மனைவி றோசலின் அக்கா சிரித்தார். “இவர் தன்ர இன்ரவியூவில ‘யெஸ் சேர்’ எண்டதைத் தவிர வாய் திறக்கேல்லை, தம்பி.”

“வேலை கிடைச்சதோ இல்லையோ?” அண்ணை என் பக்கம் திரும்பினார். “கண்ணைப் பாத்துக் கதையும். மேசையைப் பாத்தால் களவெடுத்தவன் மாதிரி இருக்கும். மனிசி செத்த கதை வேண்டாம். முக்கியமா, ஷிப்ட் கேக்கக்கூடாது. முதல் உள்ள போம். பிறகு மாத்தலாம்.”

எனக்குப் பகல் ஷிப்ட்தான் வேண்டும். என் மனைவி கௌசி இறந்தபிறகு எங்கள் மகள் நிலாணி ஒஷாவா நகரில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுகளில் போய்ப் பார்க்கிறேன். பகல் வேலை கிடைத்தால் அவளை இங்கே மல்வேர்னுக்குக் கூட்டிவரலாம். வேலை முடியும்வரை பார்த்துக்கொள்வதாக றோசலின் அக்கா சொல்லியிருந்தார். இரவு வேலையென்றால் நடக்காது.

மறுநாள் தேர்வு நடத்தியவர் செலீன் என்ற மேலாளர். கண்ணைப் பார்த்தேன். கஷ்டமாக இல்லை. மாதக்கணக்காக எல்லோரும் என்னைப் பாவம் என்று தலைசாய்த்துப் பார்த்தார்கள். இவர் வேலை தேடி வந்த ஒருவனைப் பார்த்தார். நன்றாக இருந்தது.

இரசாயனவியல் படித்ததையும் பள்ளியில் கற்பித்ததையும் சொன்னேன். அப்பாவை விட்டுவிட்டேன்.

போன வருடம் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார்.

“மனைவி இறந்துவிட்டார்.”

“வருந்துகிறேன்” என்றார். சற்றுப் பொறுத்து அடுத்த கேள்விக்குப் போனார். அதுவும் நன்றாக இருந்தது.

கடைசியில், நான் ஏதாவது கேட்கவேண்டுமா என்றார்.

“இது பகல் வேலையா?”

“இல்லை. பின்னேரம் தொடங்கி நள்ளிரவுவரை.”

“அப்படியென்றால் வரமுடியாது. எனக்குச் சின்ன மகள் இருக்கிறாள்.” எழுந்து கை கொடுத்தேன்.

செலீன் என்னை மறுபடி உட்காரச் சொன்னார். காலையில் வந்திறங்கும் மூலப்பொருட்களைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டுமாம். சம்பளம் குறைவு. பட்டம் தேவையில்லை. விருப்பமா?

“ஓம்” என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அண்ணை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஷிப்ட் கேட்டனீரோ?”

“ஓம்.”

“உமக்கென்ன விசரே?”

“பகல் வேலை தந்திட்டினம், அண்ணை.”

அவர் வழிவிட்டார். “பிள்ளை மீன் தின்னுமோ?” என்று உள்ளேயிருந்து றோசலின் அக்கா கேட்டார்.

தெரியவில்லை. ஒஷாவாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கௌசியின் அக்கா சந்திரவதனா முழுவதையும் கேட்டார்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போறியளோ?”

“ஓம் அக்கா.”

அங்கே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

“அவளின்ர சப்பாத்து காலுக்குச் சின்னனாப் போச்சு. புதுசு வாங்கிக்கொண்டு வாங்கோ.”

அளவு கேட்டேன். சொன்னார். மீனைப் பற்றியும் கேட்டேன். முள் எடுத்துக் கொடுத்தால் தின்பாளாம்.

அன்று பின்னேரமே அஜின்கோர்ட் கடைகளுக்குப் போய்ச் சப்பாத்து வாங்கினேன்.