கலர் வராத ஸ்கிரீன்

ஏசுதாஸ் லேப்டாப்பின் மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தான். ஓரத்தில் விரலால் தட்டினான். ம்ஹூம், படம் கறுப்பு வெள்ளையாகவே நின்றது. போட்டோவில் அவன் மனைவி கிரேசி வேளாங்கண்ணிக் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். கடலும் சேலையும் ஒரே சாம்பல்.

உள்ளறையில் அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். காலையில் அடுப்படியில் சரிந்து விழுந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டாள். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். தலைவலி இருந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னான் ஏசுதாஸ்.

"அண்ணே, எந்தப் பொடவன்னு சொல்லு. கை காலு வெறச்சிக்கினா கட்ட முடியாது," என்றாள் பக்கத்து வீட்டுச் சசிகலா.

அவன் மடியில் இரண்டு சேலைகள் கிடந்தன. ஒன்று பச்சை, ஒன்று அரக்கு. ஒரே கரை, ஒரே பூ. வாலாஜாபாத்தில் ஒரே நாளில் எடுத்தவை. "நான் செத்தா இந்தப் போட்டோல கீற பொடவயத்தான் கட்டணும், தெர்தா?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று சிடுசிடுத்தானே தவிர, சேலையை எங்கே பார்த்தான்?

வல்லம் வடகாலில் லேப்டாப் ஸ்கிரீன் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலையே கலர் பார்ப்பதுதான். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, புள்ளி விழுந்த பேனலைத் தள்ளி வைப்பான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பெண்டாட்டி கட்டிய சேலையின் கலர் தெரியவில்லை. என்ன கொடுமையோ!

"பேனல் அவுட்டு. கேபிள் லூசாயிருக்கும்," என்று முணுமுணுத்தபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகத் தொடங்கினான். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அழுது வீங்கிய முகத்தோடு மகள் ஷாலின் ஓடிவந்தாள். "அப்பா! இன்னா பண்ற நீ? குடு இங்க."

நிமிர்த்தி வைத்து ஏதோ இரண்டு மூன்று பட்டன்களை ஒன்றாக அமுக்கினாள். கடல் நீலமானது. சேலை அரக்கு. மங்கிக் கிடந்த வெளிச்சத்தையும் ஏற்றிவிட்டாள்.

"பேனல்லாம் போவல, செட்டிங்தான். அம்மா கேட்டாங்கன்னு நான்தான் வெச்சிக் குடுத்தேன். கலரப் பாத்தா தல பொளக்குதுன்னாங்க. லைட்டுகூட ஆவலன்னு அடியோட கொறச்சிக்குவாங்க."

"எப்பலேர்ந்து?"

"ஈஸ்டருக்கு முன்னாடி, தவக்காலத்துலேர்ந்தே."

"என்னாண்ட சொல்லவே இல்லியே!"

ஷாலின் விழித்தாள். "உன்னாண்ட சொல்லிட்டதா அம்மா சொன்னாங்களே. டாக்டராண்ட இட்னு போறேன்னு நீ சொன்னியாமே."

ஏசுதாஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். சொன்னாளா? நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்த ஏதோ ஒரு காலையில், தூக்கத்திலேயே உம் கொட்டியிருப்பானோ? இல்லை, மகளிடம் சும்மா சொல்லி வைத்தாளா? யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை. இனி யாரைக் கேட்பது? அரக்குச் சேலையைச் சசிகலா அவன் மடியிலிருந்து தானாகவே எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டி முடித்து, பூ வைத்து, வாசல் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் கிடத்தினார்கள். பெட்டி கொண்டுவந்த லோகேஷ் பிளக்கைச் சொருகினான். கண்ணாடிக்குள்ளிருந்த டியூப்லைட் பளீரென்று அவள் முகத்தில் அடித்தது.

ஏசுதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "லைட்ட ஆஃப் பண்ணு."

"மூஞ்சி தெரியாதுண்ணே. பாக்க ஜனம் வரும்ல?"

அவன் மண்டியிட்டு, பெட்டியின் பக்கவாட்டைத் தடவித் தடவி, சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தான்.