ஊசி ஏறினால் ரெண்டு, இறங்கினால் ஒன்றுமில்லை

இருபத்திரண்டு வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்றவனுக்கு அழுத்தத்தைப் பற்றி இன்னொருத்தன் பாடம் எடுப்பதா? ஊசிக்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஓட்டல் துண்டும் படுக்கை விரிப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பெரிய சலவை ஆலை அது. அதற்கு ஆவி கொடுக்கிற பாய்லர் அவர் பொறுப்பு. பாய்லர் நெற்றியில் ஒரு மீட்டர், மீட்டருக்குள் ஒரு ஊசி. சிவப்புப் பக்கம் சாய்ந்தால் தீயைக் குறைப்பார். தொங்கிப் போனால் ஏற்றுவார். அந்த ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காததால் வந்த பேர்தான் ஊசிக்காரர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஆலை டாக்டர் அவருடைய ரத்த அழுத்தத்தை மூன்று தடவை சோதித்தார். ஒரு தடவை நூற்று எழுபது. அடுத்தது நூற்று நாலு. அதற்கடுத்தது நூற்று அறுபத்தைந்து.

"என்ன இது, ஊஞ்சல் ஆடுது!" என்றார் டாக்டர்.

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. "பாய்லர் பக்கத்துல மயங்கி விழுந்தா யார் பதில் சொல்றது? ஒரு மாசம் டைம். அப்பவும் ஆடுச்சுன்னா துணி மடிக்கிற மேசைக்குப் போயிடுங்க."

மடிக்கிற மேசை ஒன்றும் கேவலம் இல்லை. ஆனாலும் வேறு எவனோ வந்து தன் பாய்லரின் வால்வைத் திருகுவதை மேசையில் நின்று பார்ப்பதா? நினைக்கும்போதே அவருக்குக் காது சூடேறியது.

மனைவி விடவில்லை. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆயுர்வேத மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நடு வயசு அம்மா, கணீர்க் குரல். ஏதோ வேரைக் கொடுப்பாள், டாக்டர் கொடுத்த அழுத்த மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டபடி உட்கார்ந்தார் ஊசிக்காரர். அந்த அம்மாவோ மாத்திரையைப் பற்றித்தான் முதலில் கேட்டாள்.

"எப்பெப்ப போடுறீங்க?"

"பார்த்துப் பார்த்துப் போடுவேம்மா." குரலில் பெருமை வழிந்தது. "வீட்லயே மெஷின் இருக்கு. ஏறினா ரெண்டு போடுவேன். இறங்கினா ஒண்ணும் கிடையாது. எத்தனை வருஷமா பாய்லர் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "தினமும் போடுறேன்னு என்கிட்ட சொன்னீங்களே!"

"தினமும்தான் பார்க்கிறேன்ல?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க பாய்லர்ல தீயைக் குறைச்சா ஊசி எவ்வளவு நேரத்துல இறங்கும்?"

"சில நிமிஷத்துல."

"இந்த மாத்திரை உடம்புல சரியா நிலைக்கவே சில வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்க வால்வைத் திருகித் திருகி விளையாடியிருக்கீங்க. ஊஞ்சலை ஆட்டினதே நீங்கதான்."

ஊசிக்காரர் தலையைச் சொறிந்தார். வேலை தெரியாத புது ஆள்தான் அப்படித் திருகுவான் என்று அவரே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்!

"அப்ப உங்க கஷாயம்?"

"டாக்டர் சொன்ன மாத்திரையை, சொன்ன நேரத்துல, சொன்ன அளவுல போடுங்க. நீங்களா நிறுத்தினா என் படியேற வேண்டாம். கஷாயத்தை அவர்கிட்ட கேட்டுக்கிட்டுப் பார்க்கலாம். எங்க வைத்தியத்துல மருந்து ரெண்டாவதுதான், முதல்ல நாள் ஒழுங்கு. ஒரே நேரத்துல தூக்கம், ஒரே நேரத்துல சாப்பாடு. உப்பைப் பாதியாக்குங்க. முக்கால் மணி நேரம் நடங்க. படுக்கும்போது உள்ளங்காலுக்கு எண்ணெய் தடவி, மூச்சை மெதுவா விடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "ரெட்டை ஷிப்டு பார்ப்பீங்களா?" என்றாள்.

"மாசத்துல ஆறேழு."

"அதை வச்சுக்கிட்டு நான் எதைக் கொடுத்தாலும் வீண்."

மறுநாளிலிருந்து ஆலையில் அவர்தான் வேடிக்கைப் பொருள். தேய்க்கிற மெஷினில் வேலை பார்க்கிற மச்சான், மனைவியின் தம்பி, வறுவல் பொட்டலத்தை மூக்குக்கு நேராக ஆட்டினான்.

"உப்புச்சப்பில்லாத வாழ்க்கையாப் போச்சே மாமா!"

"சப்பு அப்படியேதான்டா இருக்கு. உப்பு மட்டும்தான் போச்சு. நீ தின்னு, அடுத்த ஊஞ்சல் உனக்குத்தான்."

காலையிலும் மாலையிலும் அளந்து நோட்டில் எழுதினார். இரண்டு வாரத்தில் எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. மூன்றாவது வாரம் மேனேஜர் ரெட்டை ஷிப்டு போட்டார். மறுக்க வாய் வராமல் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலை மெஷின் நூற்று அறுபத்திரண்டு காட்டியது. பழக்கதோஷத்தில் கை இரண்டாவது மாத்திரைக்குப் போனது. மனைவி அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுதான்! திருகினது மாத்திரை இல்லீங்க, அந்த ஷிப்டு."

அவர் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'ரெட்டை' என்று எழுதினார்.

சோதனை நாளன்று பாய்லர் அறையிலிருந்து மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்தவரின் கையில் நர்ஸ் உடனே பட்டையைச் சுற்றினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம் உட்காரணும். யாரும் என்கிட்ட பேசக் கூடாது."

"நடிப்பைப் பாரு," என்றார் மேனேஜர்.

"இப்பதான் சொன்னேன், பேசக் கூடாதுன்னு. முதல்லேர்ந்து அஞ்சு நிமிஷம்!"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நூற்று முப்பத்தாறு. சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தபோது நூற்று முப்பத்துநாலு. டாக்டர் அவருடைய நோட்டைப் புரட்டி, வட்டம் போட்ட எண்ணில் விரலை வைத்து, பக்கத்தில் இருந்த 'ரெட்டை'யைப் படித்தார்.

"மாத்திரையை இப்படியே போடுங்க. நீங்க பாய்லர்லயே இருக்கலாம்."

மேனேஜர் தோளில் தட்டினார். "நல்லதாப் போச்சு! அடுத்த ஷிப்டு ஆள் லீவு. இன்னிக்கு ரெட்டை பாருங்க."

"முடியாது."

"என்னது?"

"எட்டு மணி நேரம் உங்க பாய்லர் ஊசியை நான் ஆட விட மாட்டேன். அதுக்கு மேல வேற ஆளைப் பாருங்க."

"இந்தப் பேச்சுக்கு உங்களை மேசைக்கே அனுப்புவேன், தெரியுமா?"

"எழுதிக் கொடுங்க. என்ன காரணம்னு அதுலயே போடுங்க. டாக்டரும் கையெழுத்துப் போடட்டும்."

மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.

ஊசிக்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் படியிறங்கினார், அவசரப்படாமல். ஷிப்டு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.